நிருஷன் (கட்டார்)

திவசத்துக்குக் கறிகாய் வெட்ட வந்த பெண்டுகள் பாதி நேரம் வெட்டினார்கள், பாதி நேரம் உதயகலாவின் கழுத்தைப் பார்த்தார்கள். கனடாவிலிருந்து வந்தவள் என்றால் பார்க்கத்தானே செய்வார்கள். தகப்பன் ஆழ்வாப்பிள்ளையின் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவள், வருசம் முடிந்து வருகிற ஆட்டைத்திவசத்துக்காவது நிற்கவேண்டும் என்று வந்திருந்தாள். சண்டிலிப்பாயில் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. தோட்டத்துச் செம்மண் முழுக்க எழும்பி வீட்டுக்குள் வந்து குந்தியிருந்தது. பின்வளவில் மூட்டிய அடுப்பைச் சுற்றித் தகரம் மறைத்துக் கட்டியும், புகை பராசக்தியின் கண்ணைத்தான் தேடித் தேடி வந்தது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று. அவள் அழுதது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவள் அழுதது மாமனாருக்காக இல்லை. மனிசன் நிறைவாய் வாழ்ந்து போனவர். முதல்நாள் பின்னேரம் உதயகலா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்ன கதைதான் காரணம்.

“மச்சாள், படைச்சு முடிய, சொந்தக்காரர் சாப்பிட, ஒரு பங்கை யாழ்ப்பாண ரவுணுக்குக் கொண்டுபோவம். அங்கையிருந்தே நான் கதைச்சு ஒழுங்கு பண்ணிப்போட்டன்.”

“வயது போன ஆக்களின்ரை இல்லத்துக்கோ?”

“அதுக்கு எல்லாரும் குடுக்கினம். இது குருநகர்ப் பக்கம். பஸ் ஸ்ராண்டிலையும் கடை விறாந்தையளிலையும் படுக்கிற இளம் பெடியளுக்கெண்டு ஒரு வீடு திறந்திருக்கினம். பாவங்கள் மச்சாள். பெத்ததுகள் எப்பிடித்தான் விட்டிட்டு இருக்குதுகளோ!”

பராசக்தி “ஓம்” என்றாள். அந்தப் பெற்றதுகளில் அவளும் ஒருத்தி.

மகன் நிருஷன் நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகளையும் அந்த ‘ஐஸ்’ என்ற போதைச் சனியன் விட்டுவைக்கவில்லை. பொலிஸ் அள்ளிக்கொண்டு போன கூட்டத்தில் அவனும் இருந்தான். விற்றவன் இல்லை, பாவித்தவன். கோடு கச்சேரி ஏறி இறங்கி அவன் வீட்டுக்கு வந்த அன்று, கோயில் நிர்வாகசபைத் தலைவரான தகப்பன் சண்முகநாதன் கேற்றை இழுத்துச் சாத்திக்கொண்டு நின்றார். “இதுக்குள்ளை கால் வைச்சியெண்டால் நான் கிணத்துக்குள்ளை” என்றார். பராசக்தி அழுதாள், குழறினாள், எல்லாம் செய்தாள். ஆனால் உடுப்புப் பையைக் கேற்றுக்கு மேலால் நீட்டியது அவளுடைய கைதான்.

ஊர் கேட்டபோது ‘கட்டாருக்குப் போயிட்டான்’ என்று முதலில் சொன்னவர் சண்முகநாதன். சொன்னதோடு அவர் கோயிலுக்குப் போய்விட்டார். அந்தப் பொய்க்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் பராசக்தி. பின்னேரங்களில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலியடியில் நின்று, பக்கத்து வளவு தியாகலிங்கத்தாரின் வீட்டுக்குக் கேட்கும்படி, “அப்பன், அங்கை வெக்கையோ? தண்ணி கனக்கக் குடி என்ன?” என்று கத்துவாள். போனில் மறுபக்கம் ஒரு குஞ்சும் இருக்காது. நடுவில் கொஞ்சம் நிறுத்தி, சிரித்து, “உனக்கு எப்பவும் பகிடிதான்” என்றும் சொல்லுவாள். தாய்மார் என்னவெல்லாம் செய்யப் பழகிக்கொள்கிறார்கள்!

ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடியபோது பேப்பருக்கு அறிவித்தல் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலில் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குள் ஒரு நாடு இருந்தால்தான் குடும்பத்துக்கு ஒரு மதிப்பு. ‘உதயகலா (கனடா) அவர்களின் பாசமிகு தந்தையும், நிருஷன் (கட்டார்), சுபாஜினி ஆகியோரின் அன்புப் பாட்டனாரும்’ என்று வந்தது. பந்தம் பிடிக்கப் பேரப்பெடியன் இல்லையோ என்று சுடலைக்குப் போக நின்றவர்கள் கேட்டபோது, “லீவு குடுக்கமாட்டன் எண்டிட்டாங்களாம்” என்றார் சண்முகநாதன்.

இப்போது நூலில் தொங்குவது மகள் சுபாஜினியின் வாழ்க்கை. உதயகலாவின் புருசனுடைய தமையன் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவளே உதயகலாதான். திவசம் முடியக் கலியாண எழுத்து. “மாப்பிளை பகுதி நல்ல ஆக்கள். ஆனால் குடும்பத்திலை ஒரு சொல் கேக்கக்கூடாது எண்டு நிக்கினம்” என்று வந்த அன்றே சொல்லிவைத்தாள். நிருஷனை அவள் சின்னப் பெடியனாய்க் கண்டதுதான். போனில் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம், “கம்பனியிலை விடாங்களாம்” என்று பராசக்தி சமாளித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குருநகர் வீட்டில்தான் நிருஷன் இருந்தான். பராசக்திக்கு அது தெரியும். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அடைக்கலநாதன் என்பவர் சில மாதங்களுக்கு முன்னம் போன் எடுத்து, “உங்கடை மகன் எங்களிட்டைப் பத்திரமாய் இருக்கிறான்” என்று சொன்னார். பக்கத்தில் ஆட்கள் நின்றபடியால், “பிழையான நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு மாட்டுக்கொட்டிலுக்குள் போய் நின்று திருப்பி எடுத்தாள். ஆனால் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

உதயகலா கதை சொன்ன அன்று பின்னேரமும் அவள் மாட்டுக்கொட்டிலுக்குத்தான் ஓடினாள்.

“அண்ணை, நான் சண்டிலிப்பாயிலையிருந்து கதைக்கிறன். நிருஷன்ரை...”

“நிருஷன்ரை அம்மாவோ? சொல்லுங்கோ அக்கா.”

“நாளைக்கு மத்தியானம் அங்கை சாப்பாடு கொண்டு வாறது எங்கடை ஆக்கள்தான்.”

“அப்பிடியோ! நல்ல விசயமெல்லே. பெடியன் சந்தோசப்படுவான்.”

“அது இல்லை அண்ணை. மச்சாள் வாறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. ஒரு மத்தியானத்துக்கு மட்டும் பிள்ளையை எங்கையாவது வெளியிலை அனுப்பிவிடுவியளோ?”

பசு ஒன்று வாலைச் சுழற்றி இலையானை விரட்டியது.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்த வீட்டிலை ஒரேயொரு சட்டம்தான். வந்த ஒருத்தனையும் ‘வெளியிலை போ’ எண்டு நாங்கள் சொல்லுறேல்லை. அந்தச் சொல்லைக் கேட்டுப்போட்டுத்தான் எல்லாரும் இஞ்சை வந்தவங்கள்.”

“என்ரை பொம்பிளைப்பிள்ளையின்ரை வாழ்க்கை, அண்ணை.”

“விளங்குது. நான் அவனிட்டைச் சொல்லுறன். போறதோ நிக்கிறதோ, அவன்தான் முடிவெடுக்கவேணும்.”

மாட்டுக்கொட்டிலை விட்டு வெளியே வரும்போது, தான் என்ன கேட்டிருக்கிறேன் என்பது பராசக்திக்கு நன்றாய் விளங்கியது. பேரனின் வாயிலிருந்து பாட்டனின் திவசச் சோற்றைப் பறிக்கப் பார்த்திருக்கிறாள். விளங்கியும் என்ன? போய் வடைக்குப் பருப்பை ஊறவைத்தாள்.

மறுநாள் படையல் முடிந்தது. ஐயர் போய்விட்டார். சொந்தக்காரர் பந்தியில் குந்தியிருக்கும்போதே உதயகலா அவசரப்படுத்தினாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய், வடை, பாயசம் எல்லாவற்றையும் வானில் ஏற்றினார்கள். வான் பக்கத்து வளவுத் தியாகலிங்கத்தாரின் வான். மனிசனுக்குத் தலை நரைத்தும் ஓட்டம் குறையவில்லை. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குத் தினம் போய்வருகிறவர். பராசக்தி கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவளைப் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். சண்முகநாதன் விருந்தாட்களை விட்டு வர ஏலாது என்று நின்றுவிட்டார். எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்பதுகூட அவருக்குச் சரியாய்த் தெரியாது.

வழி முழுக்க உதயகலா கதைத்துக்கொண்டு வந்தாள். பராசக்தி பாயசக் கிடாரத்தின் மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டு, ‘போயிருப்பான், போயிருப்பான்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படிச் சொல்ல வெட்கமாயும் இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

வீடு கடலேரிப் பக்கமாய் இருந்தது. முன்னம் வலை போட்டு வைத்த பழைய கட்டடத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். உள்ளே வரிசையாய்க் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பூட்டுப் போட்ட தகர அலுமாரி. பெடியள் எல்லாருடைய கழுத்திலும் ஒரு திறப்புத் தொங்கியது. அடைக்கலநாதனுடையது கடலுக்குப் போய் உரமேறிய உடம்பு. வந்து கிடாரத்தை ஒற்றைக் கையால் இறக்கினார்.

“பெடியளுக்கு நாங்கள் முதல் குடுக்கிறது சாப்பாடு இல்லை அக்கா, திறப்பு” என்று உதயகலாவுக்குச் சொன்னார். “தன்ரை எண்டு பூட்டி வைக்க ஒரு இடம் வேணுமெல்லே. பேந்து குளிப்பு, படுக்கை. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது, துலைஞ்ச அடையாள அட்டைக்கு அலையிறது, வேலைக்குச் சேர்த்துவிடுறது எல்லாம் அதுக்குப் பிறகு.”

“எத்தினை புண்ணியம்! பெடியளோடை ஒரு படம் எடுக்கலாமோ?”

“முகம் எடுக்கிறேல்லை அக்கா. அவங்களுக்கும் ஆக்கள் இருக்கினம்.”

அதைச் சொன்னபோது அவர் பராசக்தியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதே பராசக்திக்குச் சுட்டது.

பெடியள் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் வந்தார்கள். உதயகலா சோறு போட்டாள். பராசக்தி கத்தரிக்காய்க் கறியும் வடையும் போட்டாள். நிமிராமல் போட்டாள். முகத்தைப் பார்க்காமல் கோப்பையை மட்டும் பார்ப்பது என்று வந்த உடனேயே முடிவெடுத்திருந்தாள். கோப்பைகள் வந்தன, போயின. ஒன்றுமில்லை, போய்விட்டான், பிழைத்தேன் என்று அவள் நினைத்த நேரம் பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

“டேய் கட்டார்! கெதியா வாடா, வடை முடியப்போகுது!”

பராசக்தியின் கையிலிருந்த அகப்பை கிடாரத்துக்குள் விழுந்தது.

குளித்து, தோய்த்த சேட்டுப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு நிருஷன் வந்தான். மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். பிறத்தியார் ஆளை மட்டுக்கட்ட மாட்டார்கள். பெற்றவள் இருட்டிலும் மட்டுக்கட்டுவாள்.

“ஏன் தம்பி, உம்மைக் கட்டார் எண்டு கூப்பிடுறாங்கள்?” என்று உதயகலா சோற்றைப் போட்டபடி கேட்டாள். “அங்கை இருந்தனீரோ?”

“ஓம் அன்ரி. கொஞ்ச நாள்.”

“அட! எங்கடை அண்ணையின்ரை மகனும் அங்கைதான். நிருஷன் எண்டு. சண்டிலிப்பாய். கண்டிருக்கிறீரோ?”

வெளிநாட்டில் இருப்பவர்களின் குணம் அது. ஒரு நாட்டின் பெயரைக் கேட்டால், அங்கே இருக்கிற தங்கள் ஆளைக் கண்டாயா என்று கேட்காமல் விடமாட்டார்கள். வரிசையில் நின்ற பெடியள் எல்லாரும் தங்கள் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை.

“கண்டிருக்கிறன் அன்ரி” என்றான் நிருஷன்.

“எப்பிடி இருக்கிறான்?”

“இருக்கிறார். முந்தி கொஞ்சம் குழப்படி. இப்ப பறவாயில்லை.”

“குழப்படியோ? எங்கடை பெடியனோ? கேட்டியளே மச்சாள்!” என்று உதயகலா சிரித்தாள். “ஊரிலை ஒருத்தரும் எங்களுக்கு இதைச் சொல்லேல்லை!”

பராசக்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் சாகும்மட்டும் மறக்கமாட்டாள். கறியை அள்ளிப் போட்டாள். இன்னொரு அகப்பை போட்டாள். வடையை ஒன்றுக்கு மேல் ஒன்றாய் வைத்தாள். கோப்பை நிறைந்து வழிகிற நேரத்தில் அவன் கையை மறித்தான்.

“காணும் அன்ரி.”

இத்தனை நாளைக்குப் பிறகு தன் வாயால் அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான். பஸ்ஸில் இடம் விடும்போதும் கடையில் வழி கேட்கும்போதும் பெடியள் கண்ட கண்ட பொம்பிளைகளைக் கூப்பிடுகிற ‘அன்ரி.’

பெடியள் சாப்பிட்டு முடித்தார்கள். உதயகலா அடைக்கலநாதனோடு கட்டில்களைச் சுற்றிப் பார்க்கப் போனாள். பராசக்தி வெறும் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் நிருஷன் வந்து பக்கத்தில் குந்தினான்.

“தாங்கோ அன்ரி, நான் கழுவுறன்.”

“இஞ்சை ஒருத்தரும் இல்லையடா.”

“தெரியும்.”

“பேந்தென்னடா அன்ரி?”

“இஞ்சை அம்மா எண்டு சொன்னால் பேந்து அங்கையும் வாய் தவறி வந்திடும். அவ போகுமட்டும் அன்ரியாவே இருக்கட்டும்.”

அவன் கோபமாய்ச் சொல்லவில்லை. கோபமாய்ச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தேங்காய்த் தும்பால் கிடாரத்தின் அடியை உரஞ்சிக்கொண்டே, கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன் மாதிரிச் சொன்னான்.

“நீ போயிருப்பாய் எண்டு நினைச்சன்” என்றாள் பராசக்தி.

“போவம் எண்டுதான் வெளிக்கிட்டனான். அடைக்கலநாதன் மாஸ்ரர் சொன்னவர். பேந்து யோசிச்சன், அப்பப்பாவின்ரை திவசச் சோறு. பந்தமும் பிடிக்கேல்லை. இதையாவது சாப்பிடுவம் எண்டு நிண்டிட்டன். விடிய ஒண்டும் சாப்பிடேல்லை, விரதம்.” கிடாரத்துக்குள் தண்ணீர் ஊற்றினான். “கறி உப்புக் கொஞ்சம் கூட.”

“புகையடா. கண் தெரியேல்லை.”

“ம்.”

“அந்தச் சாமானைத் தொடுறியோ?”

“இல்லை. கிளினிக் ஒழுங்காய்ப் போறன். கராச் ஒண்டிலை மோட்டச்சைக்கிள் வேலை பழகுறன். சில நாளையிலை மனம் இழுக்கும். மாஸ்ரரிட்டைச் சொன்னால் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சுக்கொண்டு இருப்பார்.”

“ஏன்ராசா உன்னைக் கட்டார் எண்டு...”

“பேப்பரிலை அறிவித்தல் வந்ததெல்லே. அப்பப்பா செத்தது எனக்கு அதைப் பாத்துத்தான் தெரியும். படத்தைக் கண்டு அழுதிட்டன். ஆரெண்டு கேட்டாங்கள். என்ரை பேரைத் தொட்டுக் காட்டினன். பக்கத்திலை கட்டார். அண்டையிலையிருந்து கட்டார்தான். முதல் கோவம் வந்தது. பேந்து எனக்கே சிரிப்பு வந்திட்டுது.”

பராசக்தி சீலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். செத்த செய்தியைக்கூட ஒருத்தரும் பிள்ளைக்குச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் கையிலும் போன் இருந்தது. வேலியடியில் நின்று வெறும் காற்றோடு கதைத்து அழுதாள். “உன்ரை அப்பப்பா போயிட்டாரடா” என்று ஊருக்குக் கேட்கத்தக்கதாய்க் குழறினாள். இங்கே ஒரு பிள்ளை பேப்பரைப் பார்த்து அழுதிருக்கிறது.

“ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது ராசா. நான் வெளியிலை விடேல்லை” என்றாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

நிருஷன் உரஞ்சுவதை நிறுத்தினான்.

“தியாகு மாமாவுக்குத் தெரியும்.”

“ஆருக்கு?”

“பக்கத்து வளவுத் தியாகு மாமாவுக்கு. நான் பஸ் ஸ்ராண்டிலை படுத்த காலத்திலை விடியவிலை தேத்தண்ணியும் பணிசும் வாங்கித் தாறவர். இந்த வீட்டிலை கொண்டுவந்து விட்டதே அவர்தான். ஒருநாள் அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு கேட்டன். ‘கொம்மா சுகமாய் இருக்கிறா. நேற்றும் வேலியடியிலை நிண்டு உன்னோடை கதைச்சவ’ எண்டார்.”

வேலிக்கு அந்தப் பக்கம் அந்த மனிசன் சாய்மனைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவள் சிரித்ததை, பகிடி விட்டதை, தண்ணி குடி என்று சொன்னதை, எல்லாவற்றையும். ஒருநாளும் ஒரு சொல் கேட்கவில்லை. “மகன் எப்பிடிப் பிள்ளை?” என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவள் ஒருநாளும் யோசித்ததும் இல்லை. நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

“தங்கச்சியின்ரை எழுத்து முடியட்டும் ராசா” என்றாள். “அது முடிஞ்ச உடனை...”

“ஓம். முடியட்டும்.”

அவன் கிடாரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தான். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வானடிக்குப் போனான். தியாகலிங்கத்தார் பின்கதவைத் திறந்து பிடித்தார். அவன் கிடாரத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது மனிசன் அவன் முதுகில் ஒருக்கால் தட்டினார், அவ்வளவுதான்.

உதயகலா வந்து ஏறினாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பராசக்தி பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். யன்னலுக்கு வெளியே நிருஷன் பெடியள் இருந்து சாப்பிட்ட வாங்குகளை அடுக்கிக்கொண்டு நின்றான்.

“மச்சாள், ஆர் அந்தப் பெடியன்? கிணத்தடியிலை உங்களோடை கனநேரம் கதைச்சுக்கொண்டு நிண்டான்.”

பராசக்தி அவனைப் பார்த்தாள். பிறகு, எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது.

“என்ரை பிள்ளை.”

முன் ஆசனத்தில் தியாகலிங்கத்தாரின் கை வான் திறப்பில் அப்படியே நின்றது.

உதயகலா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தால் ஓடியது.

“ஓம் மச்சாள். எனக்கும் அப்பிடித்தான் கிடக்குது. எல்லாம் எங்கடை பிள்ளையள்தானே. உங்களுக்கு நல்ல மனசு மச்சாள், நல்ல மனசு.”

பராசக்திக்கு ‘அப்பாடா’ என்று ஒரு மூச்சு வந்தது. வந்த பிறகுதான் எதற்காக வந்த மூச்சு என்று உறைத்தது. சொல்லியும் சொல்லாத மாதிரி ஆகிவிட்டதே என்ற ஆறுதல். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாய் இருந்தது. ‘இல்லை உதயா, என்ரை வயித்திலை பிறந்த நிருஷன்’ என்று இன்னும் ஒரு வசனம் சொன்னால் போதும். உதயகலா அவளுடைய கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை மாப்பிள்ளை பகுதியின் கை.

“எடுக்கட்டோ பிள்ளை?” என்று கேட்டார் தியாகலிங்கத்தார்.

“ஓம் ஓம், எடுங்கோ” என்றாள் உதயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அங்கை சொந்தக்காரர் பாத்துக்கொண்டு இருப்பினம்.”

வான் அசையவில்லை. கண்ணாடிக்குள்ளால் மனிசனின் கண் பராசக்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“பிள்ளை, உன்னைத்தான் கேக்கிறன். எடுக்கட்டோ?”

வெளியே நிருஷன் கடைசி வாங்கையும் சுவரோடு சாத்திவிட்டு, வான் ஏன் இன்னும் நிற்கிறது என்று திரும்பிப் பார்த்தான்.

“எடுங்கோ அண்ணை” என்றாள் பராசக்தி.